கதை கொண்டு வந்தவர்கள்

வாசல் தகரப் படலை அப்படியே பெயர்ந்து முற்றத்தில் விழுந்த சத்தத்தில், பக்கத்து வளவு நாய் உட்படப் பண்டாரிகுளத்தில் பாதிப் பேர் எழும்பிவிட்டார்கள்.

சிவனேஸ்வரி குசினிக்குள் நின்றாள். கையிலிருந்த புட்டுக்குழலைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அப்படியே வெளியே ஓடி வந்தாள். விழுந்து கிடந்த படலைக்கு மேல் ஓர் ஓட்டோ முன்சில்லை ஏற்றிக்கொண்டு நின்றது. சாரதி பிறேக்கைத் திட்டிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து வெள்ளை வேட்டியில் ஒருவர் இறங்கினார். அவருக்குப் பின்னால், ஒரு சீப்புக் கதலிப்பழத்தை அணைத்தபடி, கஞ்சி போட்ட சேலையில் ஓர் அம்மா.

"குறை நினையாதேங்கோ தங்கச்சி, படலையை நான் கட்டித் தாறன்," என்றார் வேட்டிக்காரர். "யோகலிங்கத்தாற்றை வீடு இதுதானே? நோட்டீசு பாத்து வந்தனாங்கள். ஒரு கதை கொண்டு வந்திருக்கிறம்."

கதை என்ற சொல் காதில் விழுந்ததும் சிவனேஸ்வரிக்குப் படலை மறந்துபோயிற்று.

மறக்காமல் என்ன செய்யும்? இரண்டு மாதமாக அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. மகள் யதுர்ஷிகா வேலை செய்யும் கொழும்பு நிறுவனம், பஜார் வீதியில் மீராசாகிபுவின் புடவைக்கடை விறாந்தையில் ஒரு கணனியைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தது. சனம் அதற்குக் கதைப்பெட்டி என்று பெயர் வைத்துவிட்டது. ஹெட்போனைக் காதில் மாட்டி ஓர் இலக்கத்தை அமத்தினால், வவுனியா நகரத்து ஆட்கள் பாடியதும் சொன்னதும் கேட்கும். கடைக்காரர் மீராசாகிபுவே, முல்லைத்தீவுக் கடற்கரையில் தன் வாப்பா மீன் ஏலம் கூறிய ராகத்தை நாலாம் இலக்கத்தில் கூறி வைத்திருந்தார். அதைக் கேட்பதற்காகவே சிலர் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்கள்.

பெட்டியில் இருபது பதிவு சேரவேண்டும். இதுவரை பதினெட்டு.

போன ஞாயிறு பின்னேரம் யது ரெலிபோனில் கதைத்ததைச் சிவனேஸ்வரி குசினி யன்னலால் கேட்டிருந்தாள். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ளை இருபது... ஓம்... கொழும்பு ஒபீசிலை எனக்குக் கதிரை இருக்கெண்டு தெரியும்..." கேட்டது அவ்வளவுதான். மிச்சத்தை அவள் தானே கூட்டிக் கழித்துக்கொண்டாள். இருபது சேராவிட்டால் பெட்டி வேறு ஊருக்கு, மகள் கொழும்புக்கு. மூத்தவன் தர்சன் ஏற்கனவே கனடாவில். மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். யதுவிடம் நேரே கேட்கலாம். கேட்டு, அவள் ஓம் என்று சொல்லிவிட்டால்?

இன்றைக்கு அந்த வெள்ளிக்கிழமை.

"வாங்கோ, வாங்கோ, இருங்கோ." கதிரை இரண்டையும் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். "நல்ல கதைதானே?"

"நான் கொண்டு போற கதையிலை பழுது வந்ததில்லை," என்றார் வேட்டிக்காரர்.

"எங்கட பக்கத்துக் கதையோ?"

"ஊர் ஓமந்தை. இப்ப லண்டனிலை."

லண்டன் வரைக்கும் போன கதை. சிவனேஸ்வரிக்குப் பெருமையாக இருந்தது. "எவ்வளவு நீளம் வரும்?"

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஐஞ்சடி எட்டு," என்றாள் அந்த அம்மா.

பாட்டென்றால் அடிக் கணக்குத்தானே. "அஞ்சடி கொஞ்சம் கட்டைதான். பரவாயில்லை."

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. "எங்கட குடும்பத்திலை அதுதான் கூட."

"முன்னம் வேறை எங்கையும் குடுத்தனீங்களோ?"

"ஒளிக்கக்கூடாது தங்கச்சி, ரெண்டு இடத்திலை குடுத்தது. சரிவரேல்லை. அவையின்ரை பக்கத்துப் பிழை."

"அதுக்கென்ன, நாங்கள் எடுப்பம். பிள்ளை முழுகிக்கொண்டு நிக்கிறாள். வந்த கையோடை பதிஞ்சுவிடுவம்."

"பதியிறதோ?" கதலிப்பழச் சீப்பு மடியிலிருந்து நழுவியது. "இண்டைக்கோ?"

"இண்டைக்குத்தான். அஞ்சு மணிக்குப் பிந்தினால் அவை ஏற்கமாட்டினம்."

"சாதகம் பாக்காமலோ?"

கிணற்றடியில் பல்லுத் தீட்டிக்கொண்டு நின்ற கணவர் யோகலிங்கத்துக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. வாய் நிறைய நுரையோடு சிரித்துவிட்டார். "இஞ்சை பார் சிவனேசு, உவர் தரகர் அப்புத்துரை அண்ணை. அவை கொண்டு வந்தது மற்றக் கதை."

கலியாண வயதில் பெண் இருக்கும் வீட்டுக்குக் கதை வந்திருக்கிறது என்றால், வன்னியில் அது கலியாணப் பேச்சுத்தான்; யாரும் பாட்டும் கூத்தும் வந்திருக்கிறது என்று நினைக்க மாட்டார்கள். சிவனேஸ்வரிக்கு அது தெரியாததல்ல. இருபது இருபது என்று மனம் எண்ணிக்கொண்டிருந்ததில் புத்தி மற்றப் பக்கம் போகவில்லை.

தலையில் துவாயோடு யது வந்தாள். அப்புத்துரை மடியிலிருந்து நோட்டீசை எடுத்து நீட்டினார். யதுவின் சிநேகிதி, மீராசாகிபுவின் மகள் றம்ஸியா, எழுதி அச்சடித்து நகரமெல்லாம் ஒட்டிய நோட்டீசு அது. யது அதை வாய்விட்டு வாசித்தாள்.

"'நல்ல கதை இருந்தால் நேரில் கொண்டு வாருங்கள். பழையதோ புதியதோ பேதமில்லை. தொடர்பு: செல்வி யதுர்ஷிகா யோகலிங்கம், குளக்கட்டு வீதி, பண்டாரிகுளம்.'" வாசிக்க வாசிக்க அவளுடைய குரல் இறங்கியது. "ஐயோ றம்ஸியா."

"பழையதோ புதியதோ பேதமில்லையாம்," என்றார் யோகலிங்கம். "இனி ரெண்டாந்தாரக்காரரும் வருவினம். படலையைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை, திறந்தபடியே கிடக்கட்டும்."

வந்த அம்மா விமலேஸ்வரி பழச்சீப்பை எடுத்துக்கொண்டு எழும்பினாள். அவளுக்குக் கோபம் பாதி, வெட்கம் பாதி. சிவனேஸ்வரி ஓடிப்போய் வழியை மறித்தாள். கையில் இன்னும் புட்டுக்குழல்.

"அக்கா, சாப்பிடாமல் போகேலாது. கதை எண்டு சொல்லி வந்தனீங்கள். அந்தக் கதை பிறகு பாப்பம். இந்தப் பெட்டிக்கு ஏதும் ஒண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ. ஒரு பாட்டு, ஒரு விடுகதை, என்னெண்டாலும்."

"எனக்கு என்ன தெரியும்? நான் முப்பத்தொரு வரியம் ஆசுப்பத்திரியிலை பிள்ளையளுக்கு ஊசி போட்ட ஆள்."

"ஊசி போடேக்கை பிள்ளையள் கத்தாதுகளோ?"

"என்னட்டைக் கத்தாதுகள். அதுக்கு நான் ஒண்டு சொல்லுவன்," என்றாள் விமலேஸ்வரி. சொல்லிவிட்டு, தான் மாட்டுப்பட்டது தெரிந்து நின்றாள்.

யது லப்டொப்பைத் திறந்து மைக்கைச் செருகினாள். விமலேஸ்வரி தொண்டையைச் செருமினாள். பிறகு, எதிரே ஒரு பிள்ளை இருப்பதுபோலக் காற்றில் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"ஊசியண்ணை வாறார், ஒரு கடி கடிப்பார். ஒண்டு ரெண்டு எண்ண முன்னம் ஓடிப்போயிடுவார்."

ஓட்டோச் சாரதி முற்றத்திலிருந்து எட்டிப் பார்த்தான். "அன்ரி, நீங்களோ அது? சின்னனிலை எனக்கும் நீங்கள்தான் போட்டனீங்கள்." தன்னையறியாமல் அவன் கை தோளைத் தடவியது.

பத்தொன்பது.

அப்புத்துரை மட்டும் அசையவில்லை. "நான் வாயைத் திறந்தால் இந்த நகரத்திலை பாதிக் கலியாணம் குழம்பும். தரகனிட்டைக் கதை கேக்கக்கூடாது."

"உவரிட்டைக் கதை என்னத்துக்கு?" ஒன்று சொல்லிப் பழகிய தைரியம் விமலேஸ்வரிக்கு வந்துவிட்டிருந்தது. "உவர் எங்கட ஓமந்தைக் கூத்திலை ராணி வேஷம் கட்டினவர். பதினொரு வரியம். உவரின்ரை நடையைப் பாக்கவெண்டே ஆம்பிளையள் முன்னுக்கு இடம்பிடிப்பினம்."

அப்புத்துரையின் காது மடல் சிவந்தது. "விமலமக்கா, அது வவுனியாவிலை ஆருக்கும் தெரியாது. தெரிஞ்சால், பேச்சுக்குப் போற இடத்திலை என்னை ஆர் மதிப்பினம்?"

"பேர் போடமாட்டம் மாமா," என்றாள் யது. "கதவைச் சாத்திப்போட்டுப் பாடுங்கோ."

கதவைச் சாத்தினார்கள். யன்னலையும் சாத்தினார்கள். அப்புத்துரைக்கு வியர்த்து ஊற்றியது. வந்த விருந்தாளி வியர்க்க வியர்க்க இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சிவனேஸ்வரிக்கு மனம் வரவில்லை. மேசை பேனைக் கொண்டுவந்து அவருடைய முகத்துக்கு நேரே சுழலவிட்டாள். அவர் கண்ணை மூடிப் பாடினார். லப்டொப் திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கியது. நேரம் போய்விட்டது என்று யது அதோடு எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு பஜாருக்கு ஓடினாள்.

இருபது. சிவனேஸ்வரி நிம்மதியாகப் புட்டு அவித்தாள்.

மூன்றே முக்காலுக்கு ரெலிபோன் அடித்தது.

"அம்மா, இப்பதான் போட்டுக் கேட்டனான். அப்புத்துரை மாமா பாடினதிலை பாட்டில்லை."

"என்ன இருக்கு?"

"காத்து. முழுக்கக் காத்துத்தான். நீங்கள் பேன் போட்டனீங்களோ?"

சிவனேஸ்வரி மேசை பேனைப் பார்த்தாள். அது பேசாமல் நின்றது. "அந்த மனுசனுக்கு வேர்த்ததே பிள்ளை."

"கொழும்பு ஒபீசிலையிருந்து வீரபாகு சேர் வந்திட்டார். றெஸ்ற்ஹவுசிலை தேத்தண்ணி குடிக்கிறார். அஞ்சு மணிக்கு இஞ்சை நிப்பார். வேறை ஆரும் பாடுவினமோ எண்டு றம்ஸியா சந்தைப் பக்கம் போட்டாள்."

"நீ பெட்டியைத் திறந்து வை. ஆளை நான் கொண்டு வாறன்."

வெயில் தணிந்தபின் வைரவபுளியங்குளத்தில் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு கலியாணப் பேச்சு இருப்பதாக அப்புத்துரை புட்டுச் சாப்பிடும்போது சொல்லியிருந்தார். யோகலிங்கம் மோட்டார்சைக்கிளை உதைத்தார். வழி முழுக்கச் சிவனேஸ்வரி ஒரு வார்த்தை பேசவில்லை. கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருசத்தில் அப்படி ஒரு பயணத்தை யோகலிங்கம் கண்டதில்லை.

அந்த வீட்டில் மாப்பிள்ளைப் பகுதி ஒரு பக்கம், பெண் பகுதி ஒரு பக்கம், நடுவில் பயற்றம் பணியாரத் தட்டோடு அப்புத்துரை. வாசலில் சிவனேஸ்வரியைக் கண்டதும் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"அண்ணை, இன்னொருக்காப் பாடவேணும். இப்பவே."

"காலமை பாடினனானே."

"அது காத்தோடை போட்டுது. பேனைப் போட்டது நான்தான். இந்த ஒண்டு சேராட்டி என்ரை பிள்ளை கொழும்புக்குப் போயிடுவாள்." அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுக்கே அது வெட்கமாக இருந்தது.

தரகர் அவளை ஒரு நிமிடம் அளந்து பார்த்தார். எந்தப் பேச்சிலும் கனிகிற நேரம் ஒன்று உண்டென்று அவருக்குத் தெரியும். "சரி, பாடுறன். ஆனால் பிள்ளையின்ரை சாதகம் எனக்கு வேணும். விமலமக்காவின்ரை பொடியனோடை பொருந்துதோ எண்டு பாக்கிறன். பாக்கிறது மட்டும்தான்."

"தாறன்."

"சொல்லுமாறக்கூடாது."

"தாறன் எண்டு சொல்லிப்போட்டனே அண்ணை, ஏறுங்கோ."

அப்புத்துரை மோட்டார்சைக்கிளில் ஏறினார். சிவனேஸ்வரி ஓட்டோ பிடித்தாள். அது காலையில் படலையைப் பெயர்த்த அதே ஓட்டோ என்பதை ஏறியபிறகுதான் கண்டாள். பிறேக் இல்லாத வண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றி வந்த வேகத்தில் அவளுக்குத் தெரிந்த தேவாரமெல்லாம் நினைவுக்கு வந்தது. பேச்சு நடந்த வீட்டின் இரண்டு பகுதியினரும், தரகர் இப்படிப் பாய்ந்து போவது என்ன புதினமோ என்று ஒரு வான் வண்டியில் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

புடவைக்கடை விறாந்தையில் சனம் நிறைந்து நின்றது. ஜும்மா முடிந்து திறந்த கடைக்குள் வெள்ளிக்கிழமை வியாபாரம். றம்ஸியா சந்தையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். லப்டொப் சார்ஜ் இறங்கி அணைந்துவிட்டது; அதன் சார்ஜர் பண்டாரிகுளத்து வீட்டுச் சுவரில் தொங்கியது. நேரே பெட்டிக்குள்தான் பாடவேண்டும். பெட்டியோ விறாந்தையில் ஆணி அடித்து நிறுத்தியது. அசைக்க முடியாது.

அப்புத்துரை சனத்தைப் பார்த்தார். வானிலிருந்து இறங்கிய இரண்டு குடும்பத்தையும் பார்த்தார். "ஏலாது தங்கச்சி," என்றார். "இவ்வளவு பேருக்கு முன்னாலை, வேட்டியோடை நிண்டு, எனக்கு ராணியின்ரை குரல் வராது."

நாலு மணி நாற்பத்தெட்டு.

கல்லாவில் இருந்த மீராசாகிபு எழும்பினார். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சிவப்புப் பட்டுச் சேலையை இழுத்து, மடிப்பு விரிய ஒரு உதறு உதறினார். "தலையிலை போடுங்கோ அண்ணை. போட்டால் தன்பாட்டிலை வரும்."

"மீராசாகிபு நானா, விலைகூடின சேலை."

"கசங்கினால் யோகலிங்கத்தின்ரை தலையிலை கட்டுறன். நீங்கள் பாடுங்கோ."

அப்புத்துரை சேலையைத் தலையில் போட்டு முந்தானையைக் கையில் பிடித்தார். பிடித்த விதத்திலேயே சனம் வாயடைத்துப்போயிற்று. தோள் ஒரு பக்கம் சரிந்தது, கழுத்து நீண்டது. ஒரு நிமிடத்துக்கு முன் நின்ற தரகரைக் காணவில்லை.

"எல்லாப் பேனையும் நிப்பாட்டுங்கோ," என்று சிவனேஸ்வரி கத்தினாள்.

றம்ஸியா மெயின் சுவிட்சையே இறக்கப் போனாள். "பெட்டியும் நிண்டிடுமடி," என்று யது அவளைப் பிடித்திழுத்தாள். பேன்கள் ஒவ்வொன்றாக நின்றன. சனம் வியர்த்தது. யாரும் அசையவில்லை.

"காடு கடந்தேனே தோழி, கால் நொந்தேனே. நாடு கடந்த என் நாதன் முகம் காணேனே..."

கண்டி வீதியால் போன லொறிக்காரன் ஹோனில் கை வைத்தான். யாரோ ஓடிப்போய் அவன் கதவில் தட்டினார்கள். லொறியை நிறுத்தி அவனும் கேட்டான்.

பாட்டு முடிந்தபோது சனத்துக்குப் பின்னால் ஒருவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் கொழும்பு நிறுவனத்து அட்டை. வீரபாகு சேர் பத்து நிமிடம் முன்னரே வந்திருந்தார்.

யது இருபதாம் இலக்கத்தை அமத்தி ஹெட்போனை அம்மாவின் காதில் மாட்டினாள். சிவனேஸ்வரி கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டாள். காற்று இல்லை. பாட்டுத்தான். அவளுக்குப் பின்னால் ஹெட்போனுக்கு வரிசை கட்டிவிட்டார்கள். நேரில் கேட்டவர்களே திரும்பவும் கேட்க நின்றார்கள். பேச்சு நடந்த வீட்டு மாப்பிள்ளையின் தகப்பன் அப்புத்துரையிடம் வந்து, "தரகர், எங்கட கலியாணத்திலை நீங்கள் பாடவேணும்," என்றார். அப்போதுதான் அந்தக் கலியாணம் பொருந்திவிட்டது என்று பெண் பகுதிக்கே தெரிந்தது.

"எனக்கு ரெண்டு சேலை வேணும்," என்றார் அப்புத்துரை. தலையிலிருந்ததை இன்னும் அவர் கழற்றவில்லை.

மீராசாகிபு எல்லோருக்கும் சர்பத் எடுப்பித்தார். யோகலிங்கம் தன் கிளாசை உயர்த்திப் பார்த்தார். "சிவனேசு, கொழும்புக்குப் போகாமல் மறிக்கிறதுக்கு, பிள்ளையின்ரை சாதகத்தை லண்டனுக்குக் குடுத்திட்டாய். நல்ல கணக்கு."

"லண்டனுக்குக் குடுக்கேல்லை. பாக்கக் குடுத்தனான்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. பெட்டி இங்கே நிற்கும். பிள்ளையும் இங்கே நிற்பாள். நாளைக்குப் படலை கட்டலாம்.

விறாந்தையின் அந்தப் பக்கத்தில் வீரபாகு சேர் யாருக்கோ கை கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் சட்டைப்பையிலிருந்து பெட்டிப் பூட்டின் திறப்பை எடுத்து நீட்டினார். வாங்கியவள் யது இல்லை, றம்ஸியா. வாங்கிய கையோடு அவள் யதுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சந்தோசத்தில் கட்டிப்பிடிப்பதுபோல இருக்கவில்லை.

யது மெல்ல நடந்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"திறப்பை ஏன் றம்ஸியாவிட்டைக் குடுக்கிறார்?" என்று கேட்டாள் சிவனேஸ்வரி. "பெட்டி நிண்டிட்டுதே. இனி உன்னை என்னத்துக்குக் கொழும்புக்குக் கூப்பிடுவினம்?"

யது அம்மாவின் கையிலிருந்த வெறும் கிளாசை வாங்கிக்கொண்டாள்.

"கூப்பிட்டது அவை இல்லை அம்மா. நான்தான் கொழும்புக்கு மாத்தம் கேட்டு எழுதினனான். பெட்டி நிண்டாத்தான் விடுவமெண்டு சொன்னவை."